அது கண்மாயன்று, ஊரணி

சில வருஷங்களுக்கு முன்பு புதுக்கோட்டை ஜில்லாவில் ஒரு முன்சீப் கோர்ட்டில் ஒரு கிராமத்தாருக்காக நாம் ஆஜராக நேர்ந்தது. வியாஜ்யம் சிறியது, பணத்தால் அளந்தால் வக்கீல் வண்டிச் செலவுக்குக்கூடக் காணாது. ஊருக்கு மேற்புறம் இரண்டு ஏக்கர் அளவில் இருந்த ஒரு நீர்நிலையை ஒருவர் வேலியடைத்துக்கொண்டார். ஊரார் ஆட்சேபித்தார்கள். சர்க்கார் கணக்கில் அந்த இடம் கண்மாய் என்று எழுதப்பட்டிருந்தது. பிரதிவாதியின் வக்கீல் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். கண்மாய் என்றால் மடை எங்கே? கலிங்கு எங்கே? ஆயக்கட்டு எத்தனை ஏக்கர்? ஒரு குழி நிலங்கூட இதிலிருந்து பாயவில்லையே. ஆகவே இது பல காலத்துக்கு முன்பே தூர்ந்து கைவிடப்பட்ட கண்மாய், தம் கட்சிக்காரர் திருத்தி எடுத்தது வெறும் தரிசு என்பது அவருடைய வாதம்.

நம் தரப்பில் முதல் சாட்சி எழுபது பிராயம் கடந்த ஒரு குடியானவர். “இந்தக் கண்மாயில் ஊரார் தண்ணீர் எடுப்பது உண்டா?” என்று கேட்டோம். “அது கண்மாய் இல்லீங்கய்யா, ஊரணி” என்றார். நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிராதில் கண்மாய் என்று எழுதியிருக்க, நம் சாட்சியே அதை மறுத்தால் என் செய்வது? கேள்வியை மாற்றிக் கேட்டோம். அவரும் தம் பதிலை விடவில்லை. பிரதிவாதியின் வக்கீல் குறுக்கு விசாரணைக்கென்று எழுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லாமற் போயிற்று. வழக்குத் தோற்றது.

வெளியே புளியமரத்தடியில் அந்தப் பெரியவர் நமக்குப் பாடம் சொன்னார். “கண்மாய் வயலுக்குங்கய்யா, ஊரணி வாய்க்கு. குடிக்கிற தண்ணிக்கு எதுக்குங்க மடை?” மடை இல்லாதது அந்த நீர்நிலை செத்துப்போனதற்கு அடையாளமன்று; அது ஊரணி என்பதற்கே அடையாளம். சட்டத்தை இங்கிலீஷில் நெட்டுருச் செய்து பட்டம் பெற்ற நமக்கு இது தெரியவில்லை. ரேகை வைக்கும் அவருக்குத் தெரிந்திருந்தது. அப்பீலில் இந்த நியாயத்தை எடுத்துரைத்தோம். சமரசமாகப் பாதி இடம் ஊருக்குத் திரும்பியது. மற்றப் பாதியில் இப்போது வீடுகள் நிற்கின்றன.

இயற்கைப் பொருள்களுக்கு நாட்டுப்புறத்தார் வழங்கும் பெயர்களைப் பற்றி நம் படித்தவர்களிடையே ஓர் எண்ணம் இருந்து வருகிறது. அவை பாமர வழக்கு. ஊருக்கு ஊர் மாறுவன. கேட்க இனியவை, காரியத்துக்கு உதவாதவை. அகராதி தொகுப்போர் வேண்டுமானால் குறித்துக்கொள்ளலாம் என்பது அந்த எண்ணம். நாமும் அந்தப் புளியமரத்தடி வரையில் அப்படித்தான் எண்ணியிருந்தோம். புதுக்கோட்டைச் சீமையில் தண்ணீரைக் குறித்து வழங்கும் சொற்களை மட்டும் எடுத்துப் பார்த்தாலும் அது எத்தனை தவறு என்று விளங்கும்.

அந்தச் சீமையின் அமைப்பை முதலில் நினைவுகூர வேண்டும். அதன் நடுவே ஓடும் வெள்ளாறு, பழங்காலத்தில் சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லையாகச் சொல்லப்பட்டது. ஆற்றுக்கு வடக்கே கோனாடு, தெற்கே கானாடு. தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானமாக இருந்த பிரதேசம் 1948-ஆம் வருஷம் மார்ச்சு 3-ஆம் தேதி இந்திய யூனியனோடு இணைந்து திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் சேர்க்கப்பட்டது. 1974-ஆம் வருஷம் ஜனவரி 14-ஆம் தேதி தனி ஜில்லாவானபோது, தஞ்சை ஜில்லாவில் இருந்த அறந்தாங்கிப் பக்கமும் அதனோடு வந்தது. ஆகவே சோழநாட்டுச் சொல்லும் பாண்டிநாட்டுச் சொல்லும் இங்கே பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வழங்குகின்றன. வடக்கிலும் கிழக்கிலும் ஏரி, குளம் என்பார்கள். தெற்கே போகப் போகக் கண்மாய் என்பார்கள், பேச்சில் கம்மாய். வற்றாத நதி என்று ஒன்றுகூட இல்லை. அறந்தாங்கிப் பக்கத்து ஊர்களுக்குக் கல்லணைக் கால்வாயின் கடைமடை நீர் வருவது தவிர, மற்றப் பகுதியெல்லாம் வானம் பார்த்த பூமி. அக்கினியாறு, அம்புலியாறு, பாம்பாறு என்று நெருப்பும் நிலவும் நாகமும் பெயரிலே இருக்கின்றன. மழை பெய்த சில நாட்களே அவற்றில் தண்ணீர் இருக்கும். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நீர்நிலைகள் இந்த ஜில்லாவில் இருப்பதற்குக் காரணம் இதுதான். விழுகிற மழையை விழுந்த இடத்திலேயே பிடித்து வைக்காவிட்டால் அங்கே குடி வாழ முடியாது.

பிடித்து வைத்த நீரை அவர்கள் ஒரே பெயரால் அழைக்கவில்லை. சரிந்து கிடக்கும் நிலத்தில் வில்லாக வளைத்துக் கரை போட்டு, மேட்டிலிருந்து ஓடிவரும் மழைநீரைத் தடுத்து, மடை வழியே வயலுக்கு விடுவது கண்மாய். அதே வேலையைச் சிறு அளவில் செய்வது ஏந்தல். வரும் நீரை ஏந்திக்கொள்வதால் வந்த பெயர். ஆவுடையார்கோயில் பக்கத்தில் ஏந்தல் என்று முடியும் ஊர்ப் பெயர்களைக் கேட்டவர்களுக்கு, ஊரே அந்த நீரை ஒட்டிப் பிறந்தது என்பது தெரியும். ஊரார் உண்ணும் நீருக்காகத் தோண்டியது ஊரணி; வள்ளுவர் அறிவுடையானது செல்வத்துக்கு உவமை சொன்ன ஊருணி இதுவே. மாடு குளிக்கவும் வைக்கோலை நனைக்கவும் குட்டை. பாறை நாட்டில் பாறையே ஏந்திய நீருக்குச் சுனை. சித்தன்னவாசல் குன்றில் நாவல் மரத்தருகே உள்ள சுனைக்கு நாவச்சுனை என்று பெயர். அதே குன்றின் குடைவரைக் கூரையில் தாமரைத் தடாகத்தை மீனும் அன்னமும் எருமையும் யானையுமாக எழுதிவைத்த சித்திரக்காரனைச் சுற்றிலும் வெயில் காய்ந்த பாறைதான் இருந்தது. தண்ணீரின் அருமை தெரிந்தவன்!

கண்மாய் ஒன்றின் உறுப்புகளுக்கு வருவோம். மேட்டு நிலத்திலிருந்து நீரைக் கொண்டு சேர்ப்பது வரத்துவாரி. கரைக்கு உட்புறம், நீர் நிற்கும் பரப்பு உள்வாய். பாசனத்துக்குத் திறப்பது மடை. நிறைந்தபின் மிகுந்த நீர் கரையை உடைக்காமல் வழிந்தோடுவதற்குக் கல்லால் கட்டியது கலிங்கு. மேலூர்க் கண்மாயின் கலிங்கில் வழிந்த நீர் ஒரு வாரியில் இறங்கிக் கீழூர்க் கண்மாய்க்கு வரத்தாகும். அதன் கலிங்கு அடுத்த ஊருக்கு. இப்படி ஒரு சங்கிலியாகக் கடல் வரையில் போகும். ஆகவே வாரி என்ற சொல் வெறும் பள்ளத்தின் பெயரன்று. கீழூரார் உரிமையின் பெயர். மேலூரில் ஒருவர் அதைக் ‘காலி நிலம்’ என்று மனையாகப் பிரித்துவிட்டால், மூன்று ஊர் தள்ளி ஒரு கண்மாய் நிறையாமற் போகும்; அங்குள்ள குடியானவர் மழையைத்தான் நொந்துகொள்வார்.

இவற்றில் மிகப் பழமையானது குமிழி. கரையிலிருந்து சற்றுத் தள்ளிக் கண்மாயின் உள்ளே இரண்டு கற்கால்கள் நட்டு, குறுக்கே பலகைக்கல் வைத்திருப்பதை அந்தப் பக்கம் பிரயாணம் செய்தவர்கள் கண்டிருப்பார்கள். ஏதோ இடிந்த மண்டபத்தின் தூண் என்று எண்ணியிருப்பார்கள். அதன் அடியில் கல் தொட்டி, தொட்டியின் மேல் துளை, துளையை மூட ஒரு கல் முளை. முளையைத் தூக்கினால் நீர் குமிழியிட்டு இறங்கிக் கரைக்கு அடியிலுள்ள சுருங்கை வழியாக வயலுக்குப் போகும். மேல் துளைக்கு நீரோடி என்றும், வண்டலை இழுத்துக்கொண்டு போவதற்குக் கீழே விட்ட துளைகளுக்குச் சேறோடி என்றும் பெயர். தண்ணீரையும் கொடுத்து, தூரையும் வெளியேற்றி, வயலுக்கு எருவும் அனுப்புகிற இந்த ஏற்பாட்டை நம் முன்னோர் ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே செய்து, அதன் கற்காலிலேயே செய்வித்தவன் பெயரை வெட்டியும் வைத்தார்கள். சேறோடி என்ற ஒரு சொல் மறந்துபோனபின், தூர் வாருவதற்கு வருஷா வருஷம் கண்டிராக்டு விடுகிறோம்.

சமஸ்தானத்தார் 1929-ஆம் வருஷம் தம் நாட்டுக் கல்வெட்டுக்களைப் பெரும் புத்தகமாக அச்சிட்டார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட சாசனங்கள். அதைப் புரட்டினால் அரசர்களின் மெய்க்கீர்த்தியைவிட எல்லை சொல்லும் பகுதிதான் வக்கீல் கண்ணுக்கு விருந்து. இன்ன குளத்தின் கரைக்கு மேற்கு, இன்ன தூம்புக்குத் தெற்கு என்று நான்கெல்லையும் நீரையும் மரத்தையும் பாறையையும் கொண்டே சொல்லப்படும். மேல்நோக்கி வளர்ந்த மரமும் கீழ்நோக்கித் தோண்டிய கிணறும் எதுவும் விடுபடாமல் தானத்தில் அடங்கும். பெயர் தெரிந்தவன் எல்லையைக் காட்டினான். எல்லையைக் காட்டியவன் நிலத்தைக் காப்பாற்றினான். இதற்கு நேர்மாறாக, நம் காலத்துச் சர்வே நெம்பர் எண்ணைக் காட்டும். அந்த எண்ணுக்குள் இருப்பது வாய்க்கான நீரா, வயலுக்கான நீரா என்பதைக் கணக்கு எழுதியவர் போட்ட சொல்லைக் கொண்டே அறியவேண்டும்.

அந்தச் சொல்லிலேதான் இப்போது பழுது. வெள்ளைக்காரர் தம் நாட்டில் இல்லாத இந்த நீர்நிலைகளையெல்லாம் ‘டாங்க்’ என்ற ஒரு வார்த்தையில் போட்டு மூடினார்கள். அவர்கள் போய் முக்கால் நூற்றாண்டு கடந்தது, வார்த்தை போகவில்லை. மத்திய சர்க்கார் 2023-ஆம் வருஷம் வெளியிட்ட முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியா முழுவதிலும் 24,24,540 நீர்நிலைகள் உள்ளன, தமிழ்நாட்டில் 1,06,957. அவற்றைக் குட்டைகள், டாங்குகள், நீர்த்தேக்கங்கள், நீர்ச்சேமிப்புப் பணிகள், லேக்குகள் என்று இங்கிலீஷ் வகுப்புகளில் பிரித்திருக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை. டாங்குகள் அதிகமுள்ள மாகாணம் ஆந்திரம். லேக்குகள் அதிகமுள்ள மாகாணம் தமிழ்நாடு என்று அறிக்கை சொல்லுகிறது. காஷ்மீரத்துக்கும் மணிப்பூருக்கும் இல்லாத பெருமை நமக்கு வந்த விதம் யாது? ஏரி என்று நம்மவர் சொன்னதை லேக் என்று மொழிபெயர்த்த குமாஸ்தாவின் கைங்கரியம் என்பதே எமது அனுமானம். ஒரே அமைப்பு, வடக்கே ஏரி என்றதால் லேக் ஆயிற்று; தெற்கே கண்மாய் என்றதால் டாங்க் ஆயிற்று. ஊரணி எதில் விழுந்ததென்று ஈசுவரனுக்கே வெளிச்சம்.

இது வேடிக்கையோடு நின்றால் நாம் எழுத வேண்டியதில்லை. நூறு ஏக்கரும் அதற்கு மேலும் ஆயக்கட்டுள்ள நீர்நிலைகளுக்குச் சர்க்காரின் நீர்வளத் துறை பொறுப்பு. அதற்குக் குறைந்தவை பஞ்சாயத்து யூனியன்களின் பொறுப்பு. அதாவது ஒரு நீர்நிலையின் யோக்கியதை, அது எத்தனை ஏக்கர் வயலுக்குப் பாய்கிறது என்பதைக் கொண்டு நிர்ணயிக்கப்படுகிறது. வயலே இல்லாத ஊரணிக்கு இந்தத் தராசில் நிறை ஏது? 2007-ஆம் வருஷத்தில் நீர்நிலைகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டுச் சட்டசபை ஒரு நல்ல சட்டம் இயற்றியது. ஆனால் அதுவும் பொதுப்பணித் துறையின் வசமுள்ள நீர்நிலைகளையே நோக்கியது. மேற்படி கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஆக்கிரமிப்புக்கு உள்ளானவை 38,496 மட்டுமே என்று காண்கிறது. கோர்ட்டுகளில் வரும் வழக்குகளை அறிந்தவர்கள் இந்தத் தொகையைக் கண்டு ஆறுதல் கொள்ளமாட்டார்கள். தரிசு என்று பெயர் மாறிவிட்ட இடத்தை, நீர்நிலை எண்ண வந்தவர் எப்படி எண்ணுவார்?

திருமயத்தில் 1887-ஆம் வருஷம் பிறந்த தீரர் சத்தியமூர்த்தியின் பெயர் நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்மாய்ச் சீமையில் பிறந்த அவர், சென்னை நகரத்து மேயராக இருந்தபோது பட்டணத்தாரின் தாகத்துக்காகப் பூண்டியில் நீர்த்தேக்கம் அமைய முயன்று, கட்டி முடிவதற்குள் 1943-இல் காலமானார். அதற்கு அவர் பெயராலேயே சாகரம் என்று பெயரிட்டார்கள். மரியாதை சரியே. ஆனால் ஜனங்கள் அன்றும் இன்றும் பூண்டி ஏரி என்றே சொல்லுகிறார்கள். தலைவரை மறந்ததனால் அன்று. அது எந்த ஊரில், என்ன வேலை செய்கிறது என்பதைப் பெயரிலே வைப்பது அவர்கள் பழக்கம்.

பழைய பெயர்களையெல்லாம் பூஜிக்க வேண்டும் என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. ஊரார் உண்ணும் நீர் ஊரணி என்றோம். அந்த ‘ஊர்’ என்ற சொல்லுக்குள் சேரி நெடுங்காலம் இருக்கவில்லை. ஊரணிப் படியில் யார் குடம் வைக்கலாம், யார் வைக்கலாகாது என்று விதித்திருந்ததை மகாத்மாவின் வழி நின்ற தொண்டர்கள் எத்தனையோ கிராமங்களில் எதிர்த்து நின்றார்கள். இதே ஜில்லாவில் வேங்கைவயலில் 2022-ஆம் வருஷம் டிசம்பரில் ஹரிஜன மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. ஊரணி போய்க் குழாய் வந்தும் ஊர் என்ற சொல்லின் பழைய பொருள் சிலர் மனத்தில் போகவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஊரணியை மீட்கப் புறப்படுகிறவர்கள் அந்தச் சொல்லுக்குள் எல்லோரையும் சேர்த்துக்கொண்டே மீட்கவேண்டும். இல்லையேல் முழுக்கிராமமும் சாட்சி சொல்ல வராது, வழக்கும் நிற்காது.

நீருக்கு நேர்ந்ததே காட்டுக்கும் நேர்ந்தது. அதிக உயரமில்லாமல், முள்ளும் கொடியும் பின்னி, கோடையிலும் இலை உதிராமல் நிற்கும் காடு இந்தப் பிரதேசத்துக்கு உரியது. கணக்கில் அதற்குப் பெயர் புதர்க்காடு. புதர் என்றால் வெட்டிவிட்டு உபயோகமான மரம் வைக்கவேண்டும் என்ற எண்ணம் தானே வருகிறது. அப்படித்தான் பல்லாயிரம் ஏக்கரில் காகிதக் கூழுக்காக யூகலிப்டஸ் வந்தது. கிராமத்தார் அதைத் தைலமரம் என்கிறார்கள். அது நிற்கும் இடத்தில் வரத்துவாரிக்கு நீர் வருவதில்லை என்று மனுப் போட்டு அலைகிறார்கள். அவர்களைக் கேட்டால் அந்தப் ‘புதர்’ என்பது வீரை, குருந்து, உசிலை, காரை, சூரை என்று பெயர் பெயராகப் பிரியும். உலக்கைப்பாலை என்று ஒரு மரம். எதற்கு உதவும் என்று பெயரே சொல்லும். காசான் என்று ஒரு செடி. பூத்தால் கிளையெல்லாம் நீலம். திருமாலின் மேனிக்கு உவமையாகப் புலவர் பாடிய காயாம்பூ இதுதான். காயாம்பூ வருணனை என்று உச்சி குளிரப் பேசும் நம் பண்டிதர்கள், கோயில்காட்டு வேலியோரத்தில் அதைக் கண்டால் முள்புதர் என்று ஒதுங்கிப் போவார்கள். ஆகவே குற்றத்தையெல்லாம் இங்கிலீஷின் மேல் போடுவது நியாயமன்று. இலுப்பூரில் இன்று எத்தனை இலுப்பை மரம் நிற்கிறது என்று நாம் கேட்கப்போவதில்லை.

அந்நியச் சரக்குக்குக் கிராமத்தார் வைக்கும் பெயரில் சுதேசி உணர்ச்சி நம்மைவிடக் கூர்மையாக இருக்கிறது. வெளியிலிருந்து வந்ததற்கெல்லாம் முன்னே ‘சீமை’ சேர்த்துவிடுவார்கள். கண்மாய் உள்வாயெல்லாம் அடைத்துக்கொண்டு நிற்கும் அமெரிக்க முள்மரத்துக்குச் சீமைக்கருவேல் என்று பெயர்; வேலிக்கு என்று கொண்டுவரப்பட்டதால் வேலிக்கருவை என்றும் பெயர். எங்கிருந்து வந்தது, எதற்கு வந்தது என்ற இரண்டும் பதிவாகிவிட்டன. வேலியில் நிற்க வேண்டியது உள்வாயில் நிற்கிறதே என்று ஹைகோர்ட்டு மதுரைப் பெஞ்சு 2017-ஆம் வருஷம் அகற்றும்படி உத்தரவிட வேண்டியிருந்தது.

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று பாக்கு நீரிணையை ஒட்டிய கடற்கரையும் இந்த ஜில்லாவுக்கு உண்டு. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கொரு காற்றுப் பெயர் நீரிணையின் இரு கரையிலும், யாழ்ப்பாணத்திலும் நம் பக்கத்திலும், ஒன்றாகவே வழங்குகிறது. 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி இந்த ஜில்லாவின் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்த புயலுக்குக் கஜா என்ற பெயரும் இலங்கை கொடுத்ததுதான். அதைப் பற்றி இன்னொரு சமயம் எழுத இடமுண்டு.

கிராம சபைகள் ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய தேதிகளில் கூடுகின்றன. இவற்றுள் மார்ச்சு 22 உலகத் தண்ணீர் தினம் என்று குறிக்கப்பட்ட நாள். அன்று நம் தேசத்தொண்டர்கள் பிரசங்கத்தைச் சற்றுச் சுருக்கிக்கொண்டு, கிராமத்துக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, ஊரில் மூத்த ஆண்களையும் பெண்களையும், குறிப்பாகச் சேரியில் இருப்பவர்களையும், அழைத்துக்கொண்டு ஒவ்வொரு நீர்நிலைக்கும் நடந்து போகவேண்டும். கணக்கில் என்ன பெயர், ஜனங்கள் வாயில் என்ன பெயர், வரத்து எங்கிருந்து, வழிவது எங்கே, குடிக்கவா பாயவா என்று எழுதி, சபையில் வாசித்துத் தீர்மானமாகப் பதிவு செய்யவேண்டும். இரண்டு பெயரும் முரணும் இடத்தில் தாசில்தாருக்குத் திருத்த மனு போகவேண்டும். வழக்கு வந்தபின் சாட்சியைத் தேடுவதைக் காட்டிலும் இது சுலபம். எழுபது பிராயத்துச் சாட்சிகள் நமக்காகக் காத்திருக்கப் போவதில்லை. மேலே சொன்ன பெரியவர் இப்போது இல்லை. அந்தக் கிராமத்துக்கு மீண்ட ஒரு ஏக்கர் சொச்சம் இன்றைக்கும் கணக்கில் கண்மாய் என்றே இருக்கிறது. திருத்த மனு கொடுத்திருக்கிறோம்.